வீட்டுக்கு வெளியே எரியும் உலை: விறகிலிருந்து தொடங்கும் தேர்வு

நியூயார்க் மாநிலத்தின் வட எல்லையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கும் அடிரோண்டாக் மலைகளுக்கும் நடுவே ஓடும் கிராமச் சாலைகளில் அக்டோபர் முடிவில் பயணம் செய்பவர்கள், பல பண்ணை வீடுகளின் பின்புறத்தில் சிறிய தகரக் கொட்டகை போன்ற ஒன்று தனித்து நிற்பதையும், அதன் கூரையிலிருந்து எழும் குழாயில் புகை கிளம்புவதையும் பார்க்கலாம். அதுதான் வெளிப்புற விறகு உலை. அந்தக் கொட்டகைக்குள் ஓர் எஃகு நெருப்பறை இருக்கிறது. அதைச் சூழ்ந்து சில நூறு காலன் தண்ணீர் நிற்கிறது. ஏறத்தாழ 80 செல்சியஸ் வரை சூடாகும் அந்தத் தண்ணீரை ஒரு சிறிய பம்பு நிலத்தடிக் குழாய் வழியே வீட்டுக்குள் அனுப்புகிறது. அங்குள்ள ரேடியேட்டர்களிலோ, காற்றுக் குழாய்க்குள் பொருத்திய வெப்பப் பரிமாற்றியிலோ சூட்டைக் கொடுத்துவிட்டு அது மீண்டும் உலைக்குத் திரும்புகிறது. குளிக்க வேண்டிய வெந்நீரும் இதிலிருந்தே கிடைத்துவிடும்.

இங்கே ஆண்டில் ஆறேழு மாதங்களுக்கு வீட்டைச் சூடாக்கியே தீர வேண்டும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை கழித்தல் 30 செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. எரிவாயுக் குழாய் ஊர் மையங்களைத் தாண்டிப் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே கிராமத்து வீடுகள் லாரியில் வரும் எண்ணெயையோ புரொப்பேன் வாயுவையோ நம்பி இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் பல ஏக்கர் காடு நிற்கும்போது எண்ணெய் லாரிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். எங்களுக்கும் எழுந்தது. ஆற்றுக்கு அக்கரையில், ஒட்டாவாவுக்குத் தெற்கே பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, எந்தக் கொம்பனியின்ர போய்லர் திறம்?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் விறகையும், வீட்டின் வெப்பத் தேவையையும், மண்ணுக்குள் போகும் குழாயையும், பக்கத்து வீட்டையும் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

விறகிலிருந்தே தொடங்குகிறேன். வட அமெரிக்காவில் விறகைக் கோர்டு என்ற அளவில் விற்கிறார்கள். நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம், எட்டு அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய குவியல் ஒரு கோர்டு. அதாவது 128 கன அடி. நன்றாக உலர்ந்த சுகர் மேப்பிள், ஓக், ஆஷ் ஆகிய மரங்களில் ஒரு கோர்டுக்கு ஏறத்தாழ 2.4 கோடி பிடியூ வெப்பம் அடங்கியிருக்கிறது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடாக்க வேண்டிய வெப்பமே ஒரு பிடியூ. வெண்பைன், பாப்லர் போன்ற மெல்லிய மரங்களில் அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் உலர்ந்த விறகுக்கே பொருந்தும் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. வெட்டிய உடன் மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே நெருப்பின் ஒரு பகுதி செலவாகிறது. அதைவிடப் பெரிய நட்டம் வேறு ஒன்று. விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல், சூடான மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்களில்தான் இருக்கிறது. அந்த வாயுக்கள் தீப்பற்றி எரிய 600 செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். ஈர விறகு அறையின் சூட்டைக் கீழே இழுத்துவிடுவதால் அவை எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. புகைபோக்கியிலிருந்து அடர்ந்து வரும் வெண்புகையில் நீராவியோடு, காசு கொடுத்தோ உடல் உழைத்தோ சேர்த்த எரிபொருளும் கலந்து போகிறது. அதன் மிச்சம் கிரியோசோட் என்னும் கருந்தாராக உலையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். அதற்கு ஆகும் காலம் மரத்தைப் பொறுத்தது. ஆஷ் மரத்தைப் பிளந்து அடுக்கினால் ஒரு கோடை போதும். ஓக் மரத்துக்கு இரண்டு கோடைகளாவது வேண்டும். அடுக்கு தரையைத் தொடக் கூடாது. காற்று அடிக்கும் பக்கம் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயை மேற்பகுதிக்கு மட்டும் போட்டு, பக்கங்களை மூடாமல் விட வேண்டும். ஈரமானி என்னும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. விறகின் வெளிப்புறத்தில் அதை வைத்து அளந்தால் உலர்ந்ததாகத்தான் காட்டும். கட்டையை மறுபடியும் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் இரு ஊசிகளையும் அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வெளியே 15 காட்டிய கட்டை உள்ளே 28 காட்டுவது மிகவும் சாதாரணம். விறகு விற்பவர் "உலர்ந்தது" என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கும் கட்டைகளில் சிலவற்றையாவது இவ்வாறு பிளந்து பார்த்த பின்பே பணம் கொடுப்பது நல்லது.

இந்த வட்டாரத்தில் இப்போது ஆஷ் விறகு ஏராளமாகக் கிடைப்பதற்கு ஒரு துயரமான காரணம் இருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் 2009-இல் தென்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து துளைத்து, மரத்தின் உணவோட்டத்தையே அறுத்துவிடுகின்றன. வேலியோரம் நின்ற ஆஷ் மரங்கள் வரிசை வரிசையாகப் பட்டுப்போய் நிற்கின்றன. பட்ட மரத்தை வெட்டி எரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த விறகைத் தொலைவுக்கு எடுத்துச் சென்றால் வண்டும் கூடவே போகும் என்பதால், பதப்படுத்தாத விறகை அது விளைந்த இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் கொண்டு போகக் கூடாது என்று நியூயார்க் மாநிலச் சட்டம் சொல்கிறது. பட்ட ஆஷ் மரத்தை வெட்டுவது ஆபத்தான வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாள்பட அந்த மரம் முறுகி, அறுக்கும்போதே எதிர்பாராத இடத்தில் ஒடிந்து கிளைகளைக் கொட்டும். பயிற்சி இல்லாதவர்கள் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறித்தவச் சமூகத்தினரான இங்குள்ள ஆமிஷ் குடியானவர்களின் மர அறுவை ஆலைகளில் பலகை எடுத்தது போக மிஞ்சும் பட்டைச் சீவல்களைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். விலை குறைவு; சீக்கிரம் உலரும். ஆனால் மெல்லியதாக இருப்பதால் வேகமாக எரிந்து தீர்ந்துவிடும். கடுங்குளிர் இல்லாத மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

இனி உலையின் வகைக்கு வருவோம். மினசோட்டா மாநிலத்தின் கிரீன்புஷ் என்னும் சிற்றூரில் 1984-இல் தொடங்கிய சென்ட்ரல் பாய்லர் போன்ற நிறுவனங்கள் பரப்பிய பழைய வகை உலை அமைப்பில் மிகவும் எளிமையானது. பெரிய நெருப்பறை, அதைச் சுற்றித் தண்ணீர், குட்டையான புகைபோக்கி, காற்றைத் திறந்து மூடும் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். தண்ணீரின் சூடு குறித்த அளவை எட்டியதும் காற்று மூடிக்கொள்ளும், குறைந்ததும் திறந்துகொள்ளும். வீட்டுக்குச் சூடு தேவைப்படாத நேரமெல்லாம் உள்ளே இருக்கும் விறகு காற்றில்லாமல் புழுங்கிப் புகைந்துகொண்டே இருக்கும். நாற்புறமும் தண்ணீர் சூட்டை உறிஞ்சுவதால் அறைச் சுவரும் புகையை எரிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. விறகில் உள்ள வெப்பத்தில் பாதிகூட வீட்டுக்கு வந்து சேராத உலைகள் அவற்றில் பல. எதைப் போட்டாலும் எரியும் என்று விற்றதால் சிலர் ஈர மரத்தையும், குப்பையையும், சாயம் பூசிய பலகையையும்கூடப் போட்டார்கள். புகை தாழ்வாகவே படர்ந்து அண்டை வீட்டுச் சன்னலுக்குள் நுழைந்தது. அந்த வெறுப்பு இன்றும் பல ஊர்களில் மிச்சமிருக்கிறது.

வெர்மான்ட் மாநிலம் 1997-இலேயே இவற்றுக்கு விதி வகுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல் தன்னார்வத் திட்டமாகத் தொடங்கி, 2015-இல் அதைக் கட்டாய விதியாக்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2020 மே 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் சேரும் ஒவ்வொரு 10 லட்சம் பிடியூ வெப்பத்துக்கும், சோதனைக்கெனச் சதுரமாக அறுத்த கட்டைகளை எரித்தால் 0.10 பவுண்டு, சாதாரண விறகை எரித்தால் 0.15 பவுண்டு நுண்துகள் என்பதே இப்போது அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு. இந்த வரம்புக்குள் வரும் உலைகள் அநேகமாக வாயுவாக்க வகையைச் சேர்ந்தவை. மேலறையில் விறகு கனன்று வாயுவை விடுகிறது. சிறு விசிறி அந்த வாயுவைக் கீழே உள்ள செங்கல் பதித்த இரண்டாம் அறைக்குள் தள்ளி, புதுக் காற்றோடு கலக்கிறது. அங்கே 1,000 செல்சியஸை ஒட்டிய சூட்டில் புகையே எரிபொருளாகிவிடுகிறது. நன்றாக ஓடும்போது புகைபோக்கியின் மேல் கானல் அலை மட்டுமே தெரியும்.

இந்த வகைக்கும் பழைய வகைக்கும் உள்ள வேறுபாட்டை என் அண்டை வீட்டு விவசாயி ஒருவர் மிகச் சரியாகச் சொன்னார்: பழையது ஊரின் திண்ணை மாதிரி, யார் வந்தாலும் உட்காரலாம், புதியது உலர்ந்த விறகைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. ஈர விறகைப் போட்டால் இரண்டாம் அறை சூடேறாது. துவாரங்கள் தாரால் அடைபடும். சில வாரங்களில் உலை பழைய உலையைவிட மோசமாகப் புகையும். எனவே இரண்டு குளிர்காலத்துக்கான விறகை முன்கூட்டியே அடுக்கி வைக்க இடமும், நேரமும், உடல் வலுவும் இல்லாத குடும்பம் இந்த உலையை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது அளவு. விற்பனையாளர்கள் பெரும்பாலும் வீட்டின் சதுர அடியைக் கேட்டுவிட்டு உலையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. வீட்டின் உண்மையான வெப்பத் தேவை, முந்தைய ஆண்டுகளின் எண்ணெய் ரசீதுகளிலேயே எழுதியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஓர் பழைய பண்ணை வீடு ஆண்டுக்கு 1,000 காலன் எண்ணெய் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலனில் ஏறத்தாழ 1,38,500 பிடியூ. கொதிகலனின் திறன் 85 விழுக்காடு. ஆக, வீட்டுக்குள் வந்தது ஏறத்தாழ 11.8 கோடி பிடியூ. அதில் வெந்நீருக்குப் போனதைக் கழித்தால் ஏறத்தாழ 10 கோடி மிஞ்சும். இந்த வட்டாரத்தின் குளிர்கால அளவு 8,000 ஃபாரன்ஹீட் பாகை-நாளை ஒட்டியது. ஒவ்வொரு நாளும் வெளி வெப்பநிலை 65 பாகைக்குக் கீழே எத்தனை பாகை இறங்குகிறது என்பதை ஆண்டு முழுவதும் கூட்டினால் வரும் எண் அது. 10 கோடியை 8,000-ஆலும், பிறகு 24 மணி நேரத்தாலும் வகுத்தால், வெளியே ஒரு பாகை குளிர் கூடும்போது அந்த வீடு மணிக்கு ஏறத்தாழ 520 பிடியூ கூடுதலாக இழக்கிறது என்று தெரிகிறது. வெளியே கழித்தல் 10 ஃபாரன்ஹீட் இருக்கும் இரவில், 65 பாகையிலிருந்து கணக்கிட்டால் வேறுபாடு 75 பாகை. அப்போதும் அந்த வீட்டுக்கு மணிக்கு 40,000 பிடியூவுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படுகிறது.

இதே வீட்டுக்கு மணிக்கு 1,50,000 அல்லது 2,00,000 பிடியூ தரும் உலையை வாங்கச் சொல்வார்கள். இருக்கட்டுமே, கொஞ்சம் பெரியதாக இருந்தால் பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் பெரிய உலை இந்த வீட்டுக்குச் சில நிமிடங்களில் வேண்டிய சூட்டைக் கொடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் காற்றை மூடிக்கொண்டு புழுங்கும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் இது இன்னும் மோசமாகும். தாரும், துருவும், புகையும், வீணாகும் விறகும் அந்தப் புழுங்கும் நேரத்தில்தான் உண்டாகின்றன. கடுங்குளிர் இரவின் தேவையைச் சற்றே தாண்டும் அளவுக்கு வாங்கினால் போதும். ஆண்டில் ஒரு சில இரவுகளில் போதாமல் போனால் பழைய எண்ணெய்க் கொதிகலன் கைகொடுக்கட்டும்.

இதற்கு இன்னொரு தீர்வும் உண்டு. உலைக்கும் வீட்டுக்கும் இடையே பெரிய வெந்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துவிட்டால், விறகை முழு வேகத்தில் ஒரே மூச்சில் எரித்து, சூட்டைத் தண்ணீரில் சேமித்து, வீட்டுக்குத் தேவையானபோது எடுத்துக்கொள்ளலாம். 1,000 காலன் தண்ணீர் 50 ஃபாரன்ஹீட் பாகை இறங்கும்போது ஏறத்தாழ 4,17,000 பிடியூ தரும். மேலே சொன்ன வீட்டுக்கு மிகக் குளிர்ந்த இரவிலும் பத்து மணி நேரத்துக்கு அது போதும். ஐரோப்பாவில் விறகுக் கொதிகலன்களை இவ்வாறு தொட்டியோடு சேர்த்து நிறுவுவதுதான் வழக்கம். வட அமெரிக்காவில் செலவையும் இடத்தையும் காரணம் காட்டித் தவிர்த்துவிடுகிறார்கள். நிலவறையில் இடம் இருப்பவர்கள் உலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தொட்டிக்கு மாற்றலாம் என்றே நான் சொல்வேன்.

விறகுக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். அந்த 11.8 கோடி பிடியூவைத் தர, நடைமுறையில் 65 விழுக்காடு திறனோடு ஓடும் புதிய உலைக்கு நல்ல விறகில் ஏறத்தாழ 8 கோர்டு வேண்டும். 40 விழுக்காடு திறனோடு ஓடும் பழைய உலைக்கு 12 கோர்டுக்கு மேல் வேண்டும். ஒரு கோர்டு உலர்ந்த ஆஷ் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஆக, ஆண்டுக்கு 12 டன் மரத்தை வெட்டி, பிளந்து, அடுக்கி, மறுபடியும் எடுத்து உலைக்குள் போட வேண்டும். பழைய உலையாக இருந்தால் இதற்கு மேல் இன்னும் ஆறேழு டன். புதிய உலையின் கூடுதல் விலையை யோசிப்பவர்கள், தம் முதுகு சுமக்க வேண்டிய அந்த எடையையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

திறன் விழுக்காட்டைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். விளம்பரத் தாள்களில் 90-ஐத் தாண்டிய எண்கள் தென்படும். விறகின் வெப்பத்தைக் கணக்கிட இரண்டு முறைகள் உள்ளன. நீராவியோடு போகும் வெப்பத்தையும் மொத்தத்தில் சேர்ப்பது ஒன்று. அதை விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது முறையில் அதே உலையின் திறன் சில விழுக்காடு கூடுதலாகத் தோன்றும். இரண்டு உலைகளை ஒப்பிடும்போது ஒரே முறையில் கணக்கிட்ட எண்களையே ஒப்பிட வேண்டும். சுற்றுச்சூழல் முகமை வெளியிடும் சான்று பெற்ற உலைகளின் பட்டியலில் எட்டு மணி நேர வெப்ப வெளியீடும் இருக்கிறது; விளம்பரத்தில் வரும் உச்ச எண்ணைவிட அதுவே பயன்படும். ஆனால் அந்தச் சான்றையும் முழுமையாக நம்பிவிட முடியாது. விறகு உலைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை போதிய உறுதி தரவில்லை என்று அந்த முகமையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2023-இல் அறிக்கை வெளியிட்டது. சான்று இல்லாததை வாங்கக் கூடாது. சான்று இருப்பதால் மட்டும் வாங்கிவிடவும் கூடாது. அதே உலையை மூன்று நான்கு குளிர்காலம் எரித்த ஒருவரின் வீட்டுக்கு நேரில் போய், அவர் விறகு போடும் நேரத்தில் கூட நின்று பார்ப்பது எந்தத் தாளையும்விட மேலானது.

குழாயைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. மண்ணுக்குள் போய்விடுவதால் மலிவானதைப் போட்டுவிடுகிறார்கள். நெளிவுள்ள வடிகால் குழாய்க்குள் மெல்லிய பளபளப்புத் தாள் சுற்றிய பெக்ஸ் என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டைச் செருகி விற்பது அந்த மலிவு வகை. வசந்த காலத்தில் பனி உருகி நிலத்தடி நீர் ஏறும்போது அதற்குள் தண்ணீர் புகுந்துவிடும். பிறகு உலை வீட்டைவிட மண்ணையே அதிகம் சூடாக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சுற்றிலும் முழங்கால் அளவு பனி கிடக்க, உலையிலிருந்து வீடு வரை ஒரு நேர்கோட்டில் மட்டும் பனி உருகிப் புல் பச்சையாகத் தெரிந்தால், அந்தக் கோட்டுக்கு அடியில் பணம் கரைந்துகொண்டிருக்கிறது. நுரையால் முழுவதும் நிரப்பி, தண்ணீர் புகாத உறையிட்டு, தொழிற்சாலையிலேயே செய்த குழாயின் விலை பல மடங்கு கூடுதல்தான். ஆயினும் பணம் போதாவிட்டால் உலையின் விலையில் குறைத்துக்கொள்ளலாம், குழாயில் குறைக்கக் கூடாது. குழாயின் விட்டத்தையும் கணக்கிட்டே எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 10 காலன் தண்ணீர் ஓடி, 20 ஃபாரன்ஹீட் பாகை சூட்டை இறக்கினால் மணிக்கு 1,00,000 பிடியூ வந்து சேரும். சிறு குழாய்க்குள் அந்த ஓட்டத்தைத் தள்ளப் பெரிய பம்பு வேண்டும். அந்தப் பம்பு குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக மின்சாரம் இழுக்கும்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டிலும் உலைகள் வருகின்றன. இரண்டுமே பராமரிக்காவிட்டால் ஓட்டையாகும். உலைத் தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து கலந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது அதன் நிலையைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக் கணக்கு இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தை ஏற்பதில்லை. வீட்டிலிருந்து திரும்பும் தண்ணீர் 60 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நெருப்பறைச் சுவரில் அமிலம் கலந்த ஈரம் படியும். இதைத் தடுக்கும் கலவை வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

உலையை அன்றாடம் இயக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கு அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கதவைத் திறப்பதற்கு முன், புகையை நேரடியாகப் புகைபோக்கிக்கு விடும் மாற்றுவழியைத் திறக்க வேண்டும். பிறகு கதவை ஓர் அங்குலம் மட்டும் திறந்து, சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு, உள்ளே தேங்கிய வாயு வெளியேறிய பின்பே முழுவதும் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் காற்றில்லாமல் தவித்துக்கொண்டிருந்த வாயு புதுக் காற்றைக் கண்டதும் தீப்பற்றி, முகத்தை நோக்கிப் பாயும். கதவுக்கு நேர் எதிரே நிற்காமல், அதன் மறைவில் பக்கவாட்டில் நிற்பதும், தோல் கையுறை போட்டுக்கொள்வதும் வீட்டில் உலையைத் தொடும் ஒவ்வொருவருக்கும் பழக வேண்டும். அள்ளிய சாம்பலில் தணல் பல நாட்கள் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுக் கட்டடங்களிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

மின்சாரம் போனால் பம்பும் விசிறியும் நின்றுவிடும். 1998 ஜனவரியில் இந்த வட்டாரத்திலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் பெய்த பனிக்கட்டி மழையில் மின்கம்பங்கள் சாய்ந்து, சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. விறகு கைவசம் இருந்தும், பம்பு ஓடாவிட்டால் வெளியே எரியும் உலையால் வீட்டுக்குப் பயன் இல்லை. சிறிய ஜெனரேட்டரோ மின்கலத் தொகுப்போ இல்லாமல் இந்த முறையை நம்பக் கூடாது. வீட்டுக்குள் எரியும் சாதாரண விறகு அடுப்புக்கு மின்சாரமே வேண்டாம் என்பது அதன் பெரிய பலம். தீயும், கரியும், பட்டைத்தூசியும், நச்சு வாயுவும் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவது வெளிப்புற உலையின் பலம்.

அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்வதை நான் பணிவான வேண்டுகோளாகவே முன்வைக்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் 2011 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, புதிய வீட்டு உலை எல்லைக்கோட்டிலிருந்து 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்; புகைபோக்கி தரையிலிருந்து 18 அடியாவது உயர வேண்டும். வெர்மான்டின் விதி வேறு; வாஷிங்டன் மாநிலத்தின் விதி இன்னும் கடுமையானது; ஒவ்வொரு ஊராட்சியும் தன் பங்குக்கு மேலும் சேர்த்திருக்கலாம். பழைய உலை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்கள், அதை நிறுவ அனுமதி உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஆனால் விதி நிறைவேறிவிட்டதாலேயே புகை அடங்கிவிடாது. பள்ளத்தாக்கில் உள்ள வீடுகளில், காற்று அசையாத குளிர் இரவுகளில், குளிர்ந்த கனமான காற்று மூடிபோல் படிந்து புகையைத் தரையிலேயே அழுத்தி வைக்கும். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும். ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தால், எவ்வளவு நல்ல உலையாக இருந்தாலும் அங்கே வேண்டாம் என்றே சொல்வேன். உலை வைக்கும் இடத்தை முடிவு செய்யும் முன் குளிர்காலத்தில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிடுவது விதியைவிட நல்ல காப்பு.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலை, கான்கிரீட் மேடை, குழாய், பள்ளம் தோண்டுதல், வெப்பப் பரிமாற்றி, பொருத்தும் கூலி என்று எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் எல்லாமே ஒரு சிறு காரின் விலையைத் தொட்டன. அதே பணத்தில் பரணில் வெப்பக் காப்பைக் கூட்டி, சன்னல் இடுக்குகளை அடைத்து, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும், கடுங்குளிரிலும் ஓடும் மின் வெப்பப் பம்பு ஒன்றைப் பொருத்தினால் பல குடும்பங்களுக்கு அதுவே சிறந்த வழியாக இருக்கும். எப்படியானாலும் வெப்பக் காப்பை முதலில் செய்துவிட வேண்டும். காப்பைக் கூட்டிய பின் தேவை குறையும், தேவை குறைந்தால் சிறிய உலை போதும், விறகும் குறையும். இந்த வரிசையை மாற்றினால் பெரிய உலையை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அதைப் புழுங்கவிட நேரும்.

எங்கள் வீட்டில் பரணுக்குக் காப்பு போட்டாயிற்று. பட்ட ஆஷ் மரங்களை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு வெட்டி, பிளந்து, மேற்குக் காற்று படும் இடத்தில் அடுக்கியிருக்கிறோம். வாயுவாக்க வகையில் கிடைக்கும் மிகச் சிறிய உலையையும், நுரை நிரப்பிய குழாயையும், நிலவறைக்கு ஒரு வெந்நீர்த் தொட்டியையும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எண்ணெய்க் கொதிகலன் இருந்த இடத்திலேயே இருக்கும். நாங்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரங்களில் குழாய்கள் உறையாமல் காப்பதற்கு அது வேண்டும். நண்பரிடம், முதலில் மூன்று ஆண்டு எண்ணெய் ரசீதுகளை எடுத்து வைக்கும்படியும், தம் விறகடுக்கில் பத்துக் கட்டைகளைப் பிளந்து ஈரமானி காட்டும் எண்களை எழுதி அனுப்பும்படியும் சொல்லியிருக்கிறேன். அவை வந்த பிறகு நிறுவனத்தின் பெயரைப் பேசுவோம்.